எதிராளி இல்லாத அறை

1

அமெரிக்கச் சட்டப்பள்ளிகளில் ஒரு வகை ஆசிரியர் உண்டு. அரசியல் சட்டமோ, ஒப்பந்தச் சட்டமோ, குற்றவியலோ இவருடைய பாடமல்ல. முதலாண்டு மாணவனுக்குச் சட்டத்தில் எழுதக் கற்றுக்கொடுப்பதுதான் இவருக்கு விதிக்கப்பட்ட வேலை. பள்ளியின் படிவரிசையில் இவருக்கு இடம் ஆகக் கடைசியில். பல இடங்களில் பேராசிரியர் என்ற பட்டம்கூட இவருக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. பயிற்றுநர் என்றே அழைக்கப்பட்டார். சம்பளம் குறைவு. வேலை நிரந்தரமில்லை, ஒப்பந்தத்தின் பேரில் ஓடியது. சில பள்ளிகளில் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் இந்த வேலையில் நீடிக்கவே கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். ஆசிரியர் கூட்டத்தில் உட்காரலாம். முக்கியமான விஷயங்களில் வாக்கு கிடையாது. இந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால் சித்திரம் பூர்த்தியாகிவிடும். 1984ல் வாஷிங்டன் மாநிலத்துப் பூஜெட் சவுண்ட் பல்கலைக்கழகச் சட்டப்பள்ளியில் இவர்கள் கூடித் தங்களுக்கென்று ஒரு அமைப்பை உண்டாக்கிக்கொண்ட பிறகு நிலைமை கொஞ்சம் கொஞ்சமாக மாறிவந்திருக்கிறது. சிலர் நிரந்தரப் பேராசிரியர்களாகவும் ஆகியிருக்கிறார்கள். ஆனால் படிவரிசையை உண்டாக்கிய மனோபாவம் அவ்வளவு சுலபத்தில் மறைந்துவிடுவதில்லை.

இந்த ஆசிரியரின் ஜீவனோபாயம் பற்றி ஒரு தமிழ்ச் சிற்றேட்டில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். நான் சட்டம் படித்தவனும் அல்ல. ஆங்கில இலக்கியத்தில் ஒரு பி.ஏ., அதன் பிறகு வங்கிக் குமாஸ்தா உத்தியோகம், அவ்வளவுதான். ஆனால் எழுத்து என்பது சிந்தனைக்குப் போர்த்தும் துணியா அல்லது சிந்தனையின் உடலேயா என்று நாம் இங்கே உருவம், உள்ளடக்கம் என்ற பெயர்களில் சலிக்கச் சலிக்கச் சர்ச்சை செய்திருக்கிறோம். நமக்கு அது வெறும் சர்ச்சை. அங்கே அந்தக் கேள்விக்குத் தரப்பட்ட பதில் ஒரு கூட்டம் மனிதர்களின் சம்பளத்தையும் அந்தஸ்தையும் நிர்ணயித்திருக்கிறது. இது ஒன்று. இன்னொன்று இதைவிடச் சிரமமானது. எந்தக் கட்சிக்காகவும் எழுதத் தெரிந்த கையைத் தயாரித்துக் கொடுப்பது தார்மீகமான காரியம்தானா?

2

முதல் கேள்வியைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். 1870ல் ஹார்வர்ட் சட்டப்பள்ளியின் தலைமைக்கு வந்த கிறிஸ்டபர் கொலம்பஸ் லாங்டெல், சட்டத்தை ஒரு விஞ்ஞானமாகப் பார்த்தார். மேல்முறையீட்டுத் தீர்ப்புகள் அதன் ஆய்வுப் பொருட்கள், நூலகம் அதன் ஆய்வுக்கூடம். தீர்ப்புகளைத் தொகுத்து மாணவனிடம் கொடுத்து, வகுப்பில் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு, அவற்றுக்குள் ஓடும் கோட்பாட்டை அவன் வாயாலேயே வரவழைப்பது அவருடைய முறை. அமெரிக்கா முழுவதும் பரவிய இந்த முறை மாணவனைப் படிக்க வைத்தது, பேச வைத்தது. பரீட்சைத் தாளைத் தவிர எதையும் எழுத வைக்கவில்லை. எழுத்து அவன் முன்பே எங்கோ கற்றுவந்திருக்கவேண்டிய சமாசாரம். அவன் அப்படிக் கற்றுவரவில்லை என்பது தெரிந்தபோது, பல் வைத்தியனைக் கூப்பிடுவதுபோல, எழுத்தைச் சரிசெய்ய ஓர் ஆளைக் கூப்பிட்டார்கள். கோட்பாட்டாளர் மாடியில், பழுது பார்ப்பவர் கீழே.

எழுதிப் பார்த்த யாருக்கும் இந்தப் பிரிவினை பொய் என்று தெரியும். மனதில் தெளிவாக இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருப்பது காகிதத்தில் வந்து விழும்போது அரைகுறையாகத் தெரிகிறது. 'ஆகவே' என்று எழுதக் கை போகிறது. முன் வாக்கியத்துக்கும் பின் வாக்கியத்துக்கும் நடுவே எந்த 'ஆகவே'யும் இல்லை என்று அப்போதுதான் தெரிகிறது. எழுத்து ஆசிரியர் சிவப்பு மசியால் வட்டமிடுவது பெரும்பாலும் இந்த 'ஆகவே'யைத்தான். பிரச்னை, விதி, அந்த விதி இந்த உண்மைகளுக்குப் பொருந்தும் விதம், முடிவு என்று நான்கு படிகளாக எழுதும் ஒரு சட்டகத்தை இவர்கள் மாணவனுக்குக் கொடுக்கிறார்கள். மாணவர்கள் அதைக் கேலி செய்வதுண்டு. கேலிக்கு இடமுண்டுதான். ஆனால் முதல் வரைவில் எல்லாருமே மூன்றாம் படியைத் தாண்டிக் குதிக்கிறார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். விதி தெரியும், முடிவு தெரியும். விதி ஏன் இந்த மனிதனுக்குப் பொருந்துகிறது என்று மட்டும் எழுத வராது. சட்டத்தில் அநீதி நடக்கும் இடமும் பெரும்பாலும் அந்த மூன்றாம் படிதான். அதை வெறும் மொழிப் பயிற்சி என்று எப்படி ஒதுக்குவது?

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1973ல் ஜேம்ஸ் பாய்ட் வைட் என்ற சட்டப் பேராசிரியர் 'சட்டக் கற்பனை' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பெரிய பாடநூல் வெளியிட்டார். தீர்ப்புகளையும் சட்டங்களையும் இலக்கியப் பகுதிகளோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு மொழிக்குள் நுழையும் மனிதன் எதைச் சொல்லும் திறனைப் பெறுகிறான், எதைச் சொல்லும் திறனை இழக்கிறான் என்று மாணவனை எழுத்தின் மூலமாகவே யோசிக்க வைக்கும் புத்தகம். சட்டமும் இலக்கியமும் என்றொரு துறையே அதிலிருந்து கிளைத்ததாகச் சொல்கிறார்கள். நியாயமான புகழ். ஆனால் அதே கேள்வியை, நாற்பது மாணவர்களின் மூன்று மூன்று வரைவுகளில், வாக்கியம் வாக்கியமாக, ஓரத்தில் குறிப்பெழுதி எழுப்புகிறவருக்குக் கிடைத்த பெயர் திறன் பயிற்சியாளர். நூற்றிருபது கட்டுரைகளின் ஓரங்களில் சிதறிக் கிடக்கும் சிந்தனையை நூலாகக் கட்ட முடியாது. கட்டாததை ஸ்தாபனம் சிந்தனை என்று ஒப்புக்கொள்ளாது.

3

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதற்கு இந்த ஆசிரியரின் ஓர் ஆண்டு எப்படிப் போகிறது என்று தெரியவேண்டும்.

அங்கே நீதிமன்றத்தில் வாயைவிடக் காகிதத்துக்கு வேலை அதிகம். கேசவானந்த பாரதி வழக்கில் நம் உச்சநீதிமன்றம் 1972-73ல் 68 நாட்கள் வாதங்களைக் காதால் கேட்டது. அமெரிக்க உச்சநீதிமன்றம் சாதாரணமாக ஒரு தரப்புக்கு அரைமணி நேரம்தான் தருகிறது. வழக்கு, எழுதித் தாக்கல் செய்த வாதுரைகளில் முன்னமே நடந்து முடிந்திருக்கும். அதனால் எழுதத் தெரியாத வழக்குரைஞன் அங்கே ஊமைக்குச் சமம்.

பல சட்டப்பள்ளிகளில் முதலாண்டு எழுத்துப் பாடம் இரண்டு பருவமாகப் பிரிகிறது. இலையுதிர்காலப் பருவத்தில் மெமோ. அலுவலகத்தின் மூத்த வழக்குரைஞர் கேட்கிறார்: நம் கட்சிக்காரர் இந்தக் காரியத்தைச் செய்தால் சட்டம் என்ன சொல்லும்? மாணவன் இரண்டு பக்கத்துத் தீர்ப்புகளையும் தேடி, நமக்கு விரோதமானதை முதலில் நேர்மையாக எடுத்து வைத்து, அதன் பலத்தைக் குறைக்காமல் சொல்லி, நீதிமன்றம் எப்படித் தீர்ப்பளிக்கக்கூடும் என்று கணித்து எழுதவேண்டும். நமக்கு எது வேண்டும் என்பது அதில் தலைகாட்டக்கூடாது. வசந்தகாலப் பருவம் வந்ததும் வாதுரை. இப்போது அவன் ஒரு கட்சியின் ஆள். அதே தீர்ப்புகள், சிலசமயம் அதே உண்மைகள். ஆனால் இப்போது அவற்றைத் தன் பக்கம் சாய்த்து அடுக்கவேண்டும்.

செயப்பாட்டு வினை விஷயத்தைப் பாருங்கள். இலையுதிர்காலத்தில் ஆசிரியர் அதை அடித்துத் திருத்துகிறார். 'ஒப்பந்தம் மீறப்பட்டது' என்று மாணவன் எழுதுகிறான். யார் மீறியது? எழுவாயை எழுது என்கிறார். செய்தவனை வாக்கியத்தில் ஒளித்துவைக்காதே. இது இலக்கணத் திருத்தம் மட்டுமல்ல என்பது தமிழ் படிக்கும் நமக்கு விளக்கத் தேவையில்லை. 'தக்க நடவடிக்கை எடுக்கப்படும்', 'ஆவன செய்யப்படும்', 'வருந்தத்தக்க சம்பவம் நிகழ்ந்துவிட்டது' என்று எழுவாயே இல்லாத வாக்கியங்களில்தான் நம்முடைய அலுவலகங்கள் அனைத்தும் வசிக்கின்றன. நான் எட்டு மணி நேரம் அந்த வாக்கியங்களுக்குள் உட்கார்ந்திருப்பவன். எழுவாயைத் தேடும் ஆசிரியர் ஒருவர் எங்கோ இருக்கிறார் என்பதே எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

ஆனால் வசந்தகாலத்தில் அதே ஆசிரியர் அதே வகுப்பில் சொல்கிறார்: உன் கட்சிக்காரன் அடித்திருக்கிறான் என்று வைத்துக்கொள். 'அவன் அவளை அடித்தான்' என்று எழுதாதே. 'அவளுக்குக் காயம் ஏற்பட்டது' என்று எழுது. பாதகமான உண்மையைப் பத்தியின் நடுவில் வை, துணை வாக்கியத்துக்குள் செருகு, செயப்பாட்டு வினையில் தணித்துச் சொல். பாடநூல்களிலேயே இந்த உபதேசம் இருக்கிறது. அதாவது ஒளிக்காதே என்று கற்றுக்கொடுத்த கையே, எப்படி ஒளிப்பது என்றும் கற்றுக்கொடுக்கிறது.

இதைக் கண்டு அதிர்ச்சியடைவது சுலபம். அறச்சீற்றம் நம் சூழலில் மலிவாகக் கிடைக்கும் பண்டம். கொஞ்சம் நிதானித்து யோசிக்கவேண்டும்.

4

குற்றச்சாட்டு மிகப் பழையது. கூலிக்கு வாதம் கற்றுக்கொடுத்த சோபிஸ்டுகள்மேல் பிளேட்டோ சுமத்தியது இதுதான்: நியாயத்தைப் பற்றிய அறிவு இல்லாமல் நியாயம்போலத் தோன்றச் செய்யும் வித்தை. ஏதென்ஸில் வழக்காடுபவன் தானே எழுந்து பேசியாகவேண்டும். அதனால் அவனுக்குப் பேச்சை எழுதிக் கொடுக்கும் தொழில் ஒன்று உருவானது. அதில் ஆகச் சிறந்தவர்களில் ஒருவர் லிஸியாஸ். அந்நியக் குடி. ஏதென்ஸில் வாழலாம், வரி கட்டலாம், மக்கள் சபையில் குரல் கிடையாது. மனைவியின் கள்ளக் காதலனைக் கொன்ற ஒருவனுக்காக அவர் எழுதிக் கொடுத்த பேச்சு இன்றும் கிடைக்கிறது. சூதுவாது தெரியாத ஒரு குடும்பஸ்தன் தன் வாயால் சொல்வதுபோலவே இருக்கும். எழுதியவரின் குரல் எங்கும் கேட்காது.

பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் நீதி என்றால் என்ன என்ற மாபெரும் விவாதம் நடப்பது இந்த லிஸியாஸின் குடும்பத்து வீட்டில். அவருடைய அப்பா பேசுகிறார். அண்ணன் போலிமார்க்கஸ் பேசுகிறார். லிஸியாஸும் அங்கே உட்கார்ந்திருப்பதாகப் பிளேட்டோ சொல்கிறார். ஆனால் நூல் முழுவதிலும் அவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எல்லாருடைய வழக்குக்கும் வார்த்தை கொடுத்தவர் நீதியைப் பற்றிய பேச்சில் மௌனமாக இருக்கிறார். சட்டப்பள்ளியின் ஆசிரியர் கூட்டத்தில் வாக்கில்லாமல் உட்கார்ந்திருந்த எழுத்து ஆசிரியரின் ஞாபகம் எனக்கு இங்கே வந்துவிடுகிறது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. கி.மு. 404ல் ஏதென்ஸை முப்பது பேர் கொண்ட கொடுங்கோல் குழு ஆண்டபோது போலிமார்க்கஸை விசாரணையே இல்லாமல் நஞ்சருந்த வைத்துக் கொன்றார்கள். அந்த ஆட்சி வீழ்ந்தபின் லிஸியாஸ் எழுதிய பேச்சுகளில் ஒன்று, அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனவன்மேல் குற்றம் சாட்டுவது. அண்ணனுக்கு மறுக்கப்பட்டது என்ன? தன் தரப்பைச் சொல்லும் வாய்ப்பு. கூலிக்கு எழுதிக் கொடுப்பவனின் தொழில் அருவருப்பானது என்று சொல்கிற நாம், அந்தத் தொழில் இல்லாத இடம் எப்படி இருக்கும் என்பதையும் பார்க்கவேண்டும். அங்கே வாதுரை கிடையாது. நஞ்சுக் கோப்பை மட்டும்.

வசந்தகால எழுத்துக்கு நான் கண்ட நியாயம் இதுதான். அது தனியாக நிற்கும் எழுத்தல்ல. எதிரே இன்னொரு கை எழுதிக்கொண்டிருக்கிறது. நீ பத்தியின் நடுவில் ஒளித்துவைத்ததை அது முதல் வரியில் தூக்கி வைக்கும். நீ எழுவாயை மறைத்தால் அது எழுவாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். இரண்டையும் படிக்க மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். வாக்கியத்தின் சாய்வு அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்தே நடப்பதால் அது வஞ்சகமாவதில்லை. அங்கேயும் ஓர் எல்லை போட்டிருக்கிறார்கள். உன் கட்சிக்கு நேர் விரோதமான, அந்த நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு ஒன்று இருந்து, எதிராளி அதைக் காட்டத் தவறினால், நீயே அதை நீதிபதிக்குச் சொல்லியாகவேண்டும் என்பது அமெரிக்க வழக்குரைஞர்களின் தொழில் நெறிகளில் ஒன்று. சட்டம் தெரியாமல் தீர்ப்பு வழங்கப்படக்கூடாது என்பதற்காக.

இரு கட்சியும் சம பலத்தோடு எழுதுகின்றன என்பது பல வழக்குகளில் கற்பனைதான். ஒரு பக்கம் பெரிய நிறுவனத்தின் நாற்பது வழக்குரைஞர்கள். மறுபக்கம் வாடகை பாக்கிக்காரனுக்கு யாருமில்லை. அப்போது சாய்ந்த வாக்கியத்தை நிமிர்த்த எதிரே கையில்லை. எழுத்து ஆசிரியர் தருகிற பயிற்சி, விலை கொடுக்க முடிந்தவனிடமே அதிகம் போய்ச் சேர்கிறது. இந்தக் குறையை அவருடைய வகுப்பறைக்குள் தீர்க்க முடியாது. ஆனால் அவர் அதைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது.

5

வசந்தகால எழுத்தை இப்படி ஓரளவு காப்பாற்றிவிட்டால், உண்மையான தார்மீகப் பாரம் எங்கே போய் விழுகிறது? இலையுதிர்கால மெமோவின்மேல். மெமோ எழுதப்படுவது மூடிய அறையில். அங்கே எதிராளி இல்லை, நீதிபதி இல்லை. கேட்டவர் இருக்கிறார், எழுதுபவன் இருக்கிறான். கேட்டவருக்கு ஒரு பதில் வேண்டியிருக்கிறது என்பது எழுதுபவனுக்குத் தெரியும். அந்த அறையில் இல்லாத எதிராளியை எழுதுபவன் தன் மனதிற்குள் சுமந்துகொண்டு வந்து உட்காரவைக்கவேண்டும். வேறு யாரும் செய்யமாட்டார்கள்.

வங்கியில் இருப்பவனுக்கு இது பரிச்சயமான அறை. வீட்டுக் கடனுக்கு மனு வந்தால், சொத்தின் மூலப்பத்திரங்களையும் வில்லங்கச் சான்றையும் வங்கி ஒரு வழக்குரைஞருக்கு அனுப்புகிறது. அவர் லீகல் ஒபீனியன் தருகிறார். அந்த ஒபீனியன் நல்லபடியாக வரவேண்டும் என்று கடன் கேட்பவர் விரும்புகிறார், வீட்டை விற்பவர் விரும்புகிறார், இலக்கை எட்டவேண்டிய கிளையும் விரும்புகிறது. சொத்தில் பாகம் உள்ள, கையெழுத்துப் போடாத ஒரு தங்கை எங்கோ இருக்கிறாள். அவள் இந்த அறையில் இல்லை. இருபது வருடத்துக்கு முந்தைய பாகப்பிரிவினைப் பத்திரத்தின் ஒரு வரியில் மட்டும் இருக்கிறாள். ஒபீனியன் எழுதும் கை அந்த வரியில் நிற்கிறதா, தாண்டிப் போகிறதா என்பதில் அவளுடைய வாழ்க்கை இருக்கிறது. என் மேஜைக்கு வரும் ஒபீனியன்களில் நல்லவை அந்த வரியில் நிற்பவை. அவற்றை எழுதியவர்கள் பெரிய சட்ட மேதைகள் அல்லர். யாரோ எப்போதோ அவர்களுக்கு அந்த வரியில் நிற்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

இனி 2002 ஆகஸ்ட் 1ஆம் தேதியிட்ட ஒரு மெமோவைப் பார்க்கலாம். அமெரிக்க நீதித்துறையின் சட்ட ஆலோசனை அலுவலகம் வெள்ளை மாளிகையின் ஆலோசகருக்கு எழுதியது. கையெழுத்திட்டவர் ஜே பைபீ. எழுதியதில் பெரும்பங்கு ஜான் யூ என்ற சட்டப் பேராசிரியருடையது. கேள்வி: பிடிபட்டவர்களை விசாரிக்கும்போது எந்த எல்லையைத் தாண்டினால் அது சட்டம் தடைசெய்யும் சித்திரவதையாகும்? 'கடுமையான வலி' என்ற சொல்லுக்கு அர்த்தம் தேடி மெமோ போன இடம், அவசர மருத்துவச் சிகிச்சைக்கான காப்பீட்டுப் பயன்களை வகுக்கும் சட்டங்கள். உறுப்பு செயலிழப்பு, மரணம் ஆகியவற்றோடு வரும் வலிக்குச் சமமாக இருந்தால்தான் அது கடுமையான வலி என்ற அளவுகோல் அங்கிருந்து உருட்டி எடுக்கப்பட்டது. போர்க்காலத்தில் ஜனாதிபதியின் அதிகாரம் பற்றி அது நீளமாகப் பேசுகிறது. ஆனால் அந்த அதிகாரத்தின் எல்லையைப் பற்றிப் பேச எடுத்தவுடன் எந்தச் சட்ட மாணவனுக்கும் ஞாபகம் வரவேண்டிய 1952ஆம் ஆண்டு வழக்கு, கொரியப் போரின்போது ட்ரூமன் இரும்பாலைகளைக் கைப்பற்றியது செல்லாது என்று உச்சநீதிமன்றம் சொன்ன வழக்கு, அதில் குறிப்பிடப்படவே இல்லை.

அந்த மெமோ அந்தரங்கமாக இருந்தது. 2004 ஜூனில் பத்திரிகைகளில் கசிந்தது, அதே மாதம் விலக்கிக்கொள்ளப்பட்டது. எழுதியவர்கள் தொழில் ஒழுக்கம் தவறினார்கள் என்று துறையின் உள்விசாரணை 2009ல் முடிவு கட்டியது. 2010 ஜனவரியில் மூத்த அதிகாரி ஒருவர் அந்த முடிவை ஏற்க மறுத்து, மோசமான நிதானம் என்று மட்டும் சொன்னார். அதற்கு வெகுமுன்பே ஒருவர் மேல்முறையீட்டு நீதிபதியாகியிருந்தார். மற்றவர் தன் பேராசிரியர் பதவிக்குத் திரும்பியிருந்தார்.

இந்த ஆவணத்தைப் பற்றி அரசியல் சட்டப் பேராசிரியர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் அதை எழுத்து ஆசிரியரின் மேஜைமேல் வைத்துப் பார்க்கிறேன். இலையுதிர்காலப் பருவத்தில் ஒரு மாணவன் இதைக் கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஓரத்தில் இரண்டு குறிப்புகள் போதும். 'இந்தச் சொல்லின் அர்த்தத்தைச் சம்பந்தமில்லாத சட்டத்திலிருந்து எடுத்திருக்கிறாய். ஏன் பொருந்துகிறது என்று சொல்லவில்லை.' 'விரோதமான தீர்ப்பு எங்கே?' வகுப்பில் இது திரும்ப எழுதவேண்டிய வரைவு. அரசாங்கத்தில் இது மனித உடல்கள்மேல் பிரயோகமாயிற்று. அது வாதுரையாக எழுதப்பட்டு ஒரு நீதிமன்றத்தில் தாக்கலாகியிருந்தால் எதிரே ஒரு கை அதைக் கிழித்திருக்கும். வாதுரை மெமோவின் உடையை அணிந்து, எதிராளி இல்லாத அறைக்குள் போனதுதான் குற்றம். எழுத்து ஆசிரியர் இரு பருவங்களுக்கு நடுவே போடும் கோடு பாடத்திட்டத்தின் வசதிக்காகப் போட்டதாகத் தெரியும். என் பார்வையில் வழக்குரைஞனின் அறம் நடக்கும் கோடு அது.

நம் மரபுக்கு இந்தக் கோடு புதிதல்ல. தத்துவ நூல்களில் பூர்வபட்சம் என்று எதிர்த்தரப்பை முதலில் வைக்கும் முறை இருந்தது. சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பிறர் கட்சி முதலில், அதிலும் உலகாயதனுடைய கட்சி முதன்முதலில். உலகாயதர்கள் சொன்னதில் பெரும்பகுதி இன்று நமக்குத் தெரிவது அவர்களை மறுத்தவர்கள் மூலமாகத்தான். மறுத்தவர்கள் எப்போதும் நியாயமாக எடுத்துரைத்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் எடுத்துரைக்காமல் மறுக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. எதிராளியின் நூல் அழிந்த பிறகும் அவன் குரல் மறுப்பவனின் ஏட்டுக்குள் கொஞ்சம் உயிரோடு இருந்தது. இன்று நாம் எழுதும் விமர்சனங்களில் இந்தப் பரபக்கம் எங்கே போயிற்று என்று கேட்டுக்கொள்ளலாம்.

6

எழுத்து ஆசிரியரை ஒரு அற நாயகராக ஆக்கிவிடும் அபாயம் இந்தக் கட்டுரைக்கு இப்போது வந்துவிட்டது. அதைத் தவிர்க்கவேண்டும்.

தெளிவு நன்மையாகிவிடாது. 1851ல் பாஸ்டனில் தாமஸ் ஸிம்ஸ் என்ற, அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த இளைஞனைப் பிடித்தார்கள். மாசசூசெட்ஸ் தலைமை நீதிபதி லெமுயல் ஷா அவனை விடுவிக்க மறுத்து, தப்பியோடிய அடிமைகள் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு எழுதினார். ஸிம்ஸ் திரும்ப அடிமையாக அனுப்பப்பட்டான். ஷா அடிமைமுறையை வெறுத்தவர். அவர் தீர்ப்பில் மறைப்பு இல்லை, 'ஆகவே'க்கள் தத்தம் இடத்தில் இருக்கின்றன. எழுத்து ஆசிரியர் அதில் திருத்துவதற்கு அதிகம் கண்டிருக்கமாட்டார். ஹெர்மன் மெல்வில் இந்த ஷாவின் மருமகன். சட்டப் பத்திரங்களைப் பிரதியெடுக்கும் பார்ட்டில்பி என்ற குமாஸ்தா, ஒருநாள் பிரதியெடுக்க மறுத்துவிடும் கதையை அவர் 1853ல் எழுதினார். மாமனாரை மனதில் வைத்து எழுதினாரா என்பது எனக்கு முக்கியமில்லை. நன்றாக எழுதப்பட்ட சட்டத்தின் முன் எழுதும் கை ஒன்று நின்றுபோகக்கூடும் என்று அந்தக் குடும்பத்திலேயே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

அடிமைமுறையை வெறுத்தும் அதற்காகத் தீர்ப்பெழுதிய இந்த நீதிபதிகளைப் பற்றி ராபர்ட் கவர் 1975ல் ஒரு புத்தகம் எழுதினார். 1986ல், தான் இறந்த அதே ஆண்டில், சட்டத்தின் சொல்லையும் வன்முறையையும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் சொன்னதன் சாரம்: நீதிபதியின் வியாக்கியானம் இலக்கிய வியாக்கியானத்தைப் போன்றதல்ல. அவர் ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்லி முடித்ததும் யாரோ ஒருவன் தன் சுதந்திரத்தையோ, சொத்தையோ, குழந்தைகளையோ, உயிரையோ இழக்கிறான். கவிதைக்குத் தவறாக அர்த்தம் சொன்னால் யாரும் சிறைக்குப் போவதில்லை. விமர்சகர்களாகிய நாம் கொஞ்சம் அடக்கத்தோடு ஏற்றுக்கொள்ளவேண்டிய வேறுபாடு இது.

ஒரு சொல்லின் எடை என்ன என்பதற்கு இந்த ஆசிரியர்களின் உலகத்திலிருந்தே ஓர் உதாரணம். மிச்சிகனில் தாமஸ் கூலி சட்டப்பள்ளியில் நெடுங்காலம் சட்ட எழுத்து கற்பித்தவர் ஜோசப் கிம்பிள். எளிய மொழிக்காகப் போராடியவர். 1938 முதல் நடைமுறையிலிருந்த கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் விதிகளை முழுவதும் தெளிவான மொழியில் திருத்தி எழுதும் பெரும்பணியில் அவர் ஆலோசகராக இருந்தார். 2007ல் புதிய வடிவம் அமலுக்கு வந்தது. பொருள் மாறாமல் மொழி மட்டும் மாறவேண்டும் என்பது ஏற்பாடு. பழைய விதிகளில் எங்கு பார்த்தாலும் 'ஷல்' என்ற வினை. அது ஓரிடத்தில் 'செய்தே ஆகவேண்டும்', இன்னோரிடத்தில் 'செய்யலாம்', வேறோரிடத்தில் 'செய்வது நல்லது' என்று அர்த்தம் மாறி மாறித் தந்தது. அதை நீக்கி அந்தந்த இடத்துக்குரிய சொல்லைப் போட்டார்கள். ஐம்பத்தாறாவது விதியில், உண்மைகளில் தகராறு இல்லாத வழக்கை விசாரணைக்கு அனுப்பாமலே நீதிபதி முடிப்பது பற்றிய இடத்தில், 'ஷல்' போய் 'ஷுட்' வந்தது. கட்டாயம் உபதேசமாகத் தணிந்துவிட்டது என்று சர்ச்சை எழுந்தது. 2010ல் அந்த ஓரிடத்தில் 'ஷல்' திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு துணைவினைக்குள் எத்தனை பேருடைய விசாரணை உரிமை அடங்கியிருக்கிறது! மொழியை மட்டும் மாற்றுகிறோம், பொருளைத் தொடவில்லை என்று எந்தக் கையாலும் உறுதி சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல நிரூபணம் எனக்குத் தெரியாது. எழுத்து ஆசிரியரைக் கடைசிப் படியில் உட்காரவைத்தவர்கள் நம்பியதற்கு நேர் எதிரான நிரூபணம்.

எனவே இந்த ஆசிரியர் நீதியைக் கற்றுக்கொடுப்பதில்லை. அது அவர் கையில் இல்லை. அவரிடம் நன்றாகக் கற்ற மாணவன் ஒரு ஷாவாகவும் ஆகலாம். அவர் கற்றுக்கொடுப்பது அதைவிடச் சின்னது. செய்தவனின் பெயரை எழுது. உனக்கு விரோதமானதை முதலில் வை. 'ஆகவே' என்று எழுதும் இடத்தில் நின்று பார். இவை நீதியைக் கொண்டுவராது. ஆனால் அநீதி நடந்தால் அது எந்த வாக்கியத்தில் நடந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியும். ஷாவின் தீர்ப்பை இன்றும் நாம் எதிர்கொள்ள முடிகிறது என்றால் அது ஒளிந்துகொள்ளாத எழுத்து என்பதால்தான். 2002ஆம் ஆண்டு மெமோவை எழுதியவர்கள் அந்த வசதியைக்கூட நமக்குத் தர விரும்பவில்லை.

இந்தச் சின்ன நற்பண்புக்காக ஒரு வாழ்நாளைச் செலவழிக்கலாமா என்பதற்கு என்னிடம் பொதுவான பதில் இல்லை. முப்பது வருடம், வருடத்துக்கு நாற்பது பேர், ஒவ்வொருவருக்கும் மூன்று வரைவு. அவர் எழுதியவை யாவும் பிறர் எழுத்தின் ஓரங்களில், எந்தப் பட்டியலிலும் சேராமல், மாணவர்களின் பெட்டிகளில் மங்கிப்போகின்றன. அவற்றில் பெரும்பாலானவை மறக்கப்படும். சிலது எதிர்பாராத இடத்தில் ஞாபகம் வரும். மூடிய அறையில், கேட்டவருக்கு வேண்டிய பதில் தயாராக இருக்கும்போது, எழுதிக்கொண்டிருக்கும் நடுவயது வழக்குரைஞன் ஒருவனின் பேனா சட்டென்று நிற்கும். விரோதமான தீர்ப்பு எங்கே என்ற பழைய சிவப்பெழுத்து அவனுக்குக் கண்ணில் தெரியும். அவன் அதற்குக் கட்டுப்படுவானா என்பது அவனைப் பொறுத்தது.